நாற்பத்தாறு என்றால் முப்பத்தாறு

நம் வீடுகளில் பொருள்களுக்கு வயது சொல்லும் முறையே தனி. அண்டா பாட்டியின் சீர்வரிசையோடு வந்தது. ஊஞ்சல் பலகை பெரிய அத்தையின் கல்யாணத்துக்கு முந்திய வருஷம் செய்தது. சுவர்க் கடிகாரம், 'ஊருக்குள் வெள்ளம் வந்ததே, அதற்கு இரண்டு வருஷம் கழித்து' வாங்கியது. இப்படிச் சொல்லுகிறவர்கள் உயிரோடு இருக்கும்வரை இந்தக் கணக்கில் ஒரு குறையும் இல்லை. அவர்கள் போன பிறகு அண்டா வெறும் அண்டாவாக நிற்கிறது. அப்புறம் அதை எடை போட்டுத்தான் மதிப்புச் சொல்ல முடியும்.

காசுக்கு இந்தத் தொல்லை இல்லை. அச்சடித்த வருஷத்தை முகத்திலேயே தாங்கி வருகிறது. தபால் உறைக்கு முத்திரை இருக்கிறது. புத்தகத்துக்கு முதல் பக்கம் இருக்கிறது. ஆனால் ஒரு மனிதர் முப்பது நாற்பது வருஷம் சட்டைப் பையில் குத்திக்கொண்டு திரிந்த பவுண்டன் பேனா எந்த வருஷத்தது என்று கேட்டால், அவர் பிள்ளைகளுக்குத் தெரியாது. பல சமயம் அவருக்கே தெரிந்திராது. இதில் வேடிக்கை என்னவென்றால், சில பேனாக்களில் அந்த விவரம் எழுதியே இருக்கிறது. கண்ணில் படாத அளவுக்குச் சிறிதாக, படித்தாலும் தப்பாகப் படிக்கும்படியாக எழுதியிருக்கிறது.

நான் சொல்லுவது அமெரிக்காவில் விஸ்கான்சின் மாகாணத்தைச் சேர்ந்த ஜேன்ஸ்வில் என்ற ஊரில் தயாரான பார்க்கர் பேனாக்களை. அந்தக் கம்பெனியை ஆரம்பித்த ஜார்ஜ் ஸாஃபர்ட் பார்க்கர் தந்தி அடிக்கக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். மேல்வரும்படிக்காக வேறொரு கம்பெனியின் பேனாக்களை மாணவர்களுக்கு விற்றுவந்தார். அவை ஒழுகின. விற்றவரிடமே திரும்பி வந்தன. பழுது பார்த்துப் பார்த்து அலுத்துப்போன வாத்தியார், இதைவிட நாமே செய்துவிடலாம் என்று 1888-இல் பேனாத் தொழிலில் இறங்கினார். 1894-இல் 'லக்கி கர்வ்' என்று ஒரு காப்புரிமை வாங்கினார். முள்ளுக்கு அடியில் மையைக் கொண்டுவரும் கட்டையின் வாலை வளைத்து, பேனாவின் உட்சுவரைத் தொடும்படி வைத்ததுதான் அந்த யுக்தி. சட்டைப் பையில் பேனா நிமிர்ந்து நிற்கும்போது, வழியில் தங்கிய மை சுவரோடு இறங்கி உள்ளே போய்விடும். சட்டை பிழைத்தது. கம்பெனியும் பிழைத்தது.

பிறகு 1921-இல் 'டியோஃபோல்டு' வந்தது. செக்கச்செவேலென்று, விரல் பருமனில், 7 டாலர் விலையில். 1933-இல் வந்தது 'வாக்யுமாட்டிக்'. இதற்கு மூல யோசனை விஸ்கான்சின் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆர்தர் டால்பெர்க் என்பவருடையது. அதுவரை பேனாவுக்குள் ஒரு ரப்பர் பை இருக்கும். அதில்தான் மை நிற்கும். இதில் பை கிடையாது. பேனாவின் உடலே மைக்கூடு. அடிப்பக்கத்தில் ஒரு சிறு மூடி. அதைக் கழற்றினால் ஒரு தண்டு. முள்ளை மைப்புட்டியில் ஆழ்த்திக்கொண்டு தண்டைப் பத்துத் தடவை அழுத்தி அழுத்தி விட்டால், உள்ளே ஒரு ரப்பர் ஜவ்வு விரிந்து சுருங்கிக் காற்றை வெளியே தள்ளி மையை உள்ளே இழுக்கும். உடல் முழுவதும் முத்துநிற வளையமும் கண்ணாடிபோல் தெளிந்த வளையமுமாக மாறி மாறி இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் மையின் மட்டம் தெரியும்.

1941-இல் '51' கடைக்கு வந்தது. கம்பெனியின் ஐம்பத்தோராவது வருஷமான 1939-ஐ வைத்து இட்ட பெயர். இதில் முள்ளை முக்கால்வாசி மூடிவிட்டார்கள். சீக்கிரம் உலரும் மை காகிதத்தில் உலர்வதற்கு முன்னால் முள்ளிலேயே உலர்ந்துவிடக் கூடாது அல்லவா? அதற்காக. பறவை தலையை நீட்டினாற்போல ஒரு மூக்கு மட்டும் தெரியும்.

இத்தகைய '51' ஒன்றைத் திருவல்லிக்கேணியில் ஒரு பழைய சாமான் கடையில் பார்த்தேன். துருப்பிடித்த கத்திரிக்கோல்கள், ஒற்றைக் காது வைத்த மூக்குக் கண்ணாடிகள் இவற்றுக்கு நடுவில் கிடந்தது. கடைக்காரர் அதை எடுத்துத் துடைத்துக் கொடுக்கும்போதே சரித்திரத்தையும் சேர்த்துக் கொடுத்தார்.

"யுத்தத்துக்கு முந்தின சரக்கு சார். 37-ஆம் வருஷம். நம்பர் பாருங்க, 7 போட்டிருக்கு. ஜெர்மனிக்காரன் சரணாகதி ஆனானே, அப்போ ஐசன்ஹோவர் கையெழுத்துப் போட்டது இந்தப் பேனாவாலதான்."

இந்தப் பேச்சில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்பதுதான் பழைய பேனாவுக்கு வயது காணும் வித்தை. ஐசன்ஹோவர் விஷயம் முக்கால் உண்மை. 1945 மே 7-ஆம் தேதி பிரான்சில் ரீம்ஸ் நகரத்தில் சரணாகதிப் பத்திரம் கையெழுத்தானது. உபயோகித்தவை அவருடைய பார்க்கர் பேனாக்கள். ஆனால் கையெழுத்திட்டவர்கள் ஜெர்மன் தரப்பில் யோடல், நேச நாடுகளின் சேனைக்காகப் பெடல் ஸ்மித். ஐசன்ஹோவர் பிறகு இரண்டு பேனாக்களை வெற்றிக் குறியாக விரித்துப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். இந்தக் கால் பங்கு வித்தியாசம் பேனா வியாபாரத்தைக் கெடுக்காது. 37-ஆம் வருஷம் என்ற கதை வேறு, அது நிற்காது.

ஏன் நிற்காது என்று பார்ப்போம். பேனாவைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே பிடித்தேன். உடலில் பார்க்கர் என்ற பெயர், அமெரிக்காவில் செய்தது என்ற வாசகம், பக்கத்தில் ஒரு 7, அதை ஒட்டி ஒரு புள்ளி. இந்தப் புள்ளியைக் கடைக்காரர் அழுக்கு என்று நினைத்திருக்கிறார். விஷயமே அதில்தான் இருக்கிறது.

பார்க்கர் தொழிற்சாலை 1934 முதல் பேனாவின் உடலில் இரண்டு இலக்கங்களைக் குத்திவந்தது. வாங்குகிறவருக்காக அல்ல, தன் உள்கணக்குக்காக. முதல் இலக்கம் வருஷத்தின் எந்தக் கால் பகுதி என்பது. இரண்டாவது, வருஷத்தின் கடைசி எண். ஆகவே 27 என்றால் 1927 அல்ல. 1937-இன் இரண்டாவது கால் பகுதி, அதாவது ஏப்ரல் முதல் ஜூன் வரை. 15 என்றால் 1935-இன் முதல் கால் பகுதி. நாலு கால் பகுதிதானே உண்டு, அதனால் முதல் இலக்கம் 4-ஐத் தாண்டாது. 37 என்று ஒரு பேனாவில் இருந்தால் 1937-இன் மூன்றாம் கால் பகுதி. இப்படி 3-இல் தொடங்கும் எண்களில் மட்டும் அறியாதவனும் அறிந்தவனும் ஒரே வருஷத்தைச் சொல்லுவார்கள்.

1938-இன் நடுவில் இந்த முறையை மாற்றினார்கள். வருஷத்தின் கடைசி எண் மட்டும் நின்றது. கால் பகுதிக்குப் புள்ளிகள் வந்தன. முதல் கால் பகுதிக்கு மூன்று புள்ளி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு ஒன்று, கடைசிக்குப் புள்ளியே இல்லை. தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றும். காரணம் சிக்கனம். அச்சில் புதிதாகப் புள்ளி சேர்ப்பது கஷ்டம். இருப்பதைச் செதுக்கி எடுத்துவிடுவது சுலபம். மூன்று மாதத்துக்கு ஒரு புள்ளியைச் செதுக்கினால் ஒரே அச்சு வருஷம் முழுவதும் ஓடும்.

இப்போது நம் 7-க்கு வருவோம். 1937-ஆக இருந்தால் புள்ளி இருக்காது, இரண்டு இலக்கம் இருந்திருக்கும். இது முதல் சாட்சி. முள் மூடிய '51' பேனா 1941-க்கு முன்னால் கடையில் கிடையாது. இது இரண்டாவது சாட்சி. 1947 இல்லாமல் 1957-ஆக இருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். அடிமூடியைக் கழற்றினேன், தண்டு இருந்தது. '51'-இல் இந்தத் தண்டு முறையை 1948-இல் விட்டுவிட்டு, பக்கவாட்டில் அழுத்தி மை நிரப்பும் வேறு முறைக்குப் போய்விட்டார்கள். அதனால் 1957 இல்லை. தண்டு பிளாஸ்டிக்கால் ஆனது. அதற்கு முன்னால் அலுமினியத்தில் செய்து வந்தவர்கள் யுத்த காலத்தில், 1942 வாக்கில், பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். எல்லாச் சாட்சிகளும் ஒரே வருஷத்தைக் காட்டுகின்றன. ஒரு புள்ளி மூன்றாவது கால் பகுதி. ஆகவே 1947, ஜூலை முதல் செப்டம்பருக்குள்.

இந்த இடத்தில்தான் கதை எழுதுகிறவனுக்குக் கை துறுதுறுக்கும். நடுவில் ஆகஸ்டு 15 இருக்கிறதே! 'சுதந்திரத்தோடு பிறந்த பேனா' என்று தலைப்பைப் போட்டுவிட்டால் கட்டுரை பாதி எழுதினாற்போல. ஆனால் அந்த எண் சொல்லுவது ஜேன்ஸ்வில்லில் ஒரு தொழிலாளி அந்த மூன்று மாதத்துக்குள் ஓர் உடலில் முத்திரை குத்தினார் என்பதை மட்டுமே. அது எந்த நாளில் கப்பல் ஏறியது, யார் வாங்கியது, முதலில் என்ன எழுதியது, இதில் ஒன்றும் அந்த ஒற்றைப் புள்ளிக்குத் தெரியாது. தெரியாததை அதன் வாயில் திணிப்பது கடைக்காரர் செய்த காரியத்தைத்தான் இன்னும் கொஞ்சம் நல்ல நடையில் செய்வதாகும்.

போதாததற்கு, பேனா என்பது ஒற்றைப் பொருளல்ல. அது ஒரு கூட்டுக் குடும்பம். உடல், மூடி, முள், தண்டு எல்லாம் தனித்தனி. பழுது பார்க்கிறவர் மேஜையில் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு '51'-இன் மூடி இன்னொரு '51'-க்குப் பெரும்பாலும் பொருந்திவிடும். 1939 முதல் பார்க்கர் தன் உயர்ந்த ரகப் பேனாக்களின் கிளிப்பில் நீல வைரம் போன்ற ஒரு சின்னத்தைப் பதித்துவந்தது. ஆயுள் முழுவதும் உத்தரவாதம் என்பதற்கு அடையாளம். 1940-களின் பின்பாதியில் அந்தச் சின்னம் மறைந்துவிட்டது. என் பேனாவின் மூடியில் நீல வைரம் இல்லை. சின்னம் மறைந்த தறுவாயில் வந்த மூடியாகவும் இருக்கலாம். வேறு வீட்டுப் பெண்ணைப் பிற்பாடு கட்டிவைத்ததாகவும் இருக்கலாம். ஆகவே மூடியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றவில்லை. பேரம் பேசி, '47' விலைக்கு வாங்கிக்கொண்டேன்.

பழைய பேனா வாங்குகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பளபளப்பாக்குகிறேன் என்று துணியும் பசையும் போட்டுத் தேய்க்காதீர்கள்; முதலில் தேய்வது அந்த எழுத்துத்தான். எழுத்து மங்கலாக இருந்தால் சுண்ணாம்புக் கட்டித் தூளை விரலால் லேசாகத் தடவி, விளக்கைப் பக்கவாட்டில் பிடியுங்கள். பள்ளத்தில் வெள்ளை தங்கி எழுத்து எழுந்து வரும். தண்டு அசையவில்லை என்றால் பலத்தைக் காட்ட வேண்டாம். உள்ளே இருக்கும் ரப்பர் எழுபது எண்பது வயதுக் கிழம், இறுகிக் கிடக்கும். ஜவ்வு மாற்றத் தெரிந்தவரிடம் கொடுப்பதே மரியாதை.

பேனாவுக்கு ஜாதகம் கணிக்கத் தெரிந்தவன் என்று தெருவில் பெயர் வந்துவிட்டால் ஓர் ஆபத்து உண்டு. ஜாதகம் பார்க்க ஆட்கள் வருவார்கள். எங்கள் தெருக் கோடி வீட்டில் எண்பதைத் தாண்டிய அண்ணனும் தம்பியும் இருக்கிறார்கள். ஒரு நாள் காலை அண்ணன் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு பழைய கைக்குட்டையில் சுற்றி ஒரு வாக்யுமாட்டிக். வெள்ளி முத்து நிறம்.

"தம்பி, நீங்க பாத்துச் சொல்லுங்க. இது எங்க அப்பா பேனா. இவனுக்குக் கொடுக்கலாம்னு பாக்கறேன். வாங்க மாட்டேங்கறான்" என்றார் பெரியவர்.

தம்பி நாற்காலியில் சாய்ந்தபடி, "அப்பா 43-லே போயிட்டார். பேனாவிலே 46-ன்னு போட்டிருக்கு. என் பேரன் லென்ஸ் வெச்சுப் பாத்தான். செத்துப்போனவர் எப்படிப் பேனா வாங்குவார், அண்ணே? பம்பாயிலேருந்து சித்தப்பா வாங்கிட்டு வந்ததா இருக்கும்" என்றார்.

குரலில் கோபமில்லை. தகப்பனார் இறந்தபோது தமக்கு இரண்டு வயது என்று அவரே சொன்னார். முகம் நினைவில்லை. அந்த வீட்டில் தகப்பனாருடையது என்று வேறு சாமான் ஒன்றும் மிஞ்சவில்லை. பல வருஷம் இதை அப்பா பேனா என்று நம்பிவிட்டு, ஒரு நாள் பேரன் எண்ணைப் படித்ததிலிருந்து அதைத் தொடுவதை விட்டுவிட்டார். அண்ணன் தம் பிரியத்துக்காகச் சொல்லுகிற கதை என்று முடிவு கட்டிவிட்டார்.

பேனாவை ஜன்னலோரம் எடுத்துப் போனேன். 46 தெளிவாக இருந்தது. பேரன் சரியாகத்தான் படித்திருக்கிறான். ஆனால் அந்த எண்ணுக்கு அர்த்தம் வேறு. 1946 என்றால் ஒற்றை 6-தான் இருக்க வேண்டும், புள்ளியோடு அல்லது புள்ளி இல்லாமல். இரண்டு இலக்கம் இருப்பதால் இது பழைய முறை: நாலாவது கால் பகுதி, வருஷம் 1936. அடிமூடியைத் திறந்தேன். உள்ளே உலோகத் தண்டு. அழுத்திச் சற்றுத் திருப்பினால் கீழேயே பூட்டிக்கொண்டு நிற்கும் ரகம். வாக்யுமாட்டிக் வந்த 1933 முதல் 1937 வாக்கில் வரைதான் அந்த அமைப்பு இருந்தது. 1946-ஆக இருந்தால் பிளாஸ்டிக் தண்டு இருந்திருக்கும். முள்ளிலும் ஓர் எண் உண்டு. பாதி உள்ளே மறைந்திருந்தது. முள்ளை உருவினால் அதுவும் தெரியும். அந்த இரண்டு கிழவர்கள் பார்த்துக்கொண்டிருக்கையில் அந்தப் பேனாவைப் பிரித்துப்போட எனக்கு மனம் வரவில்லை. கிடைத்த இரண்டு சாட்சியும் போதும்.

"46 என்றால் 1936-ங்க, ஐயா. வருஷக் கடைசி மூன்று மாதத்தில் செய்தது" என்றேன். கணக்கைக் காகிதத்தில் எழுதியும் காட்டினேன்.

தம்பி அந்தக் காகிதத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்போ இது அப்பா பேனாதானா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் அந்த எண் அவ்வளவு தூரம் பேசவில்லை. ஏழு வருஷம் முன்னதாகவே பேனா இந்த உலகத்தில் இருந்தது. ஆகவே 43-இல் இறந்தவர் கையில் அது இருந்திருக்க முடியும். தடை நீங்கியது, அவ்வளவுதான். சித்தப்பா பிற்பாடு எங்கேயாவது பழைய பேனாவாக வாங்கியிருந்தால்கூட அதே 46-தான் இருக்கும். நடக்கவே முடியாதது எது என்று எண் அடித்துச் சொல்லும். நடந்திருக்கக் கூடியது எது என்றும் சொல்லும். நடந்தது எது என்று சொல்ல, பார்த்தவர் ஒருவர் வேண்டும்.

இதை அப்படியே அவரிடம் சொன்னேன். "இருந்திருக்கலாம் என்பதுவரைதான் பேனா சொல்லுது, ஐயா. மிச்சத்தை நீங்கள் அண்ணனைத்தான் கேட்க வேண்டும்."

அண்ணனுக்கு அப்போது எட்டு வயது. அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "திண்ணையிலே உக்காந்துதான் மை போடுவார். பின்பக்கத்தைக் கட்டை விரலாலே அழுத்தி அழுத்தி விடுவார். நான் எண்ணுவேன். பத்து எண்ணினதும் போதும்டான்னு சொல்லிட்டு வெளிச்சத்துலே பிடிச்சுக் காட்டுவார். கோடு கோடா உள்ளே மை தெரியும்."

எத்தனை தடவை அழுத்த வேண்டும் என்று நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. எந்த வீட்டில் யாரிடம் இதே மாதிரிப் பேனா இருந்தாலும் பத்துத் தடவைதான் அழுத்துவார்கள் என்று வழக்கறிஞர் ஒருவர் வாதாடலாம். வாதாடட்டும். தம்பி கையை நீட்டினார். அண்ணன் பேனாவைக் கொடுத்தார். தம்பி அடிமூடியைக் கழற்றி, தண்டின்மேல் கட்டை விரலை வைத்தார், அழுத்தவில்லை. ரப்பர் இறுகியிருக்கும், ஜவ்வு மாற்றிய பிறகு அழுத்தலாம் என்று நான் முன்னாலேயே எச்சரித்திருந்தேன்.